இடைவேளையில் எழுந்திருப்பது யார்?

உலகக் கோப்பைக் கால்பந்து வரும் ஒவ்வொரு முறையும் நாளிதழ்களின் இணைப்பிதழ்களில் ஒரு கட்டுரை தவறாமல் வந்துவிடும்: வீட்டிலிருந்தே ஆட்டத்தை ரசிப்பது எப்படி? எந்தச் சேனலில் வருகிறது, எந்தச் செயலியில் இலவசம், திரை எத்தனை அங்குலம் இருந்தால் நல்லது, நண்பர்கள் வந்தால் கொறிக்க என்ன வைக்கலாம், நள்ளிரவு ஆட்டத்துக்குத் தூக்கம் வராமல் இருக்க என்ன குடிக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கட்டுரைகளில் வரும் வீட்டை உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். அங்கே பலகாரம் இருக்கிறது. அதைப் பொரித்தவள் இல்லை. டீ இருக்கிறது, பால் காய்ச்சியவள் இல்லை. கோல் விழுந்ததும் எல்லோரும் கத்துகிறார்கள். அந்தச் சத்தத்தில் விழித்து அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போகிறவள் இல்லை.

ஆள் இல்லாமல் தானாக நடக்கும் இந்த வீடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் இல்லை. அதனால் இந்தப் பக்கத்து வீட்டை வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: உலகக் கோப்பையை வீட்டில் பார்ப்பது எப்படி? யார் பார்ப்பது?

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் காரியாபட்டிக்கும் இடையில் கிடக்கும் பூமி பெரும்பாலும் மானாவாரி. மழை பெய்தால் பருத்தி, கொத்தமல்லி, மக்காச்சோளம், மிளகாய், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்கள் கொஞ்சம். நிற்காத மாதங்களில் அதே கண்மாய்தான் பையன்களின் கிரிக்கெட் மைதானம். ஊர்த் திருவிழாவுக்குக் கபடி உண்டு, பள்ளிக்கூடத்தில் வாலிபால் உண்டு. கால்பந்து மண் என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் மதுரை–அருப்புக்கோட்டைத் தடத்தில், காரியாபட்டி வட்டாரத்துப் புல்லூரில் சேது தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியோடு தொடர்புடைய சேது எஃப்சி என்ற பெண்கள் அணி 2019 மே 22 அன்று லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையை எடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2018 பிப்ரவரியில், தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் அந்தப் பட்டத்தை எடுத்தார்கள். கால்பந்துக்கும் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று பேச்சை முடித்துவிட முடியாது. ஆடுகிறவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். பார்க்கத்தான் ஆள் உட்காரவில்லை. ஏன் உட்காரவில்லை என்பதற்கு வழக்கமான பதில் ஒன்று உண்டு: பெண்களுக்கு அதில் விருப்பம் இல்லை, அவர்களுக்குச் சீரியல்தான் பிடிக்கும். இந்தப் பதிலைச் சோதிக்க, தொலைக்காட்சி இந்த வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

பல வீடுகளுக்கு அது ரேஷன் அட்டையோடு வந்தது. 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாக வாக்குறுதி தந்தது. அடுத்த 5 ஆண்டுகளில் ஒன்றரைக் கோடி அளவிலான 14 அங்குலப் பெட்டிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் போயின. இந்தத் திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயத்தை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். வீட்டுப் பெண்களுக்கு, அதிலும் கிராமத்துப் பெண்களுக்கு, பொழுதுபோக்கும் பொது அறிவும் கிடைக்கவேண்டும் என்பதே அது. இலவசங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் 2013 ஜூலையில் வந்த தீர்ப்பிலும் இந்த நியாயம் பதிவாகியிருக்கிறது. ஓர் அரசு, பெண்ணுக்குப் பொழுதுபோக்கு வேண்டும் என்று தன் செலவுக் கணக்கில் எழுதியது சின்ன விஷயமில்லை. அதைக் கிண்டல் செய்தவர்களில் பலர், பெண்ணுக்கு எதற்குப் பொழுதுபோக்கு என்றுதான் உள்ளுக்குள் கேட்டார்கள்.

2011இல் ஆட்சி மாறியது. அதிமுக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அரசு கேபிளில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு வந்தது. இரண்டு திட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு முழு வாக்கியம் கிடைக்கிறது. முதல் அரசு பொழுதைப் போக்கப் பெட்டி கொடுத்தது. இரண்டாவது அரசு பொழுதை மிச்சம் பிடிக்க எந்திரம் கொடுத்தது. ஆட்டுக்கல்லில் போன முக்கால் மணி நேரம் மிச்சமாகியிருக்கவேண்டும். அந்த முக்கால் மணி நேரம் யார் கைக்குப் போனது? கிரைண்டர் வந்த வீட்டில் இட்லி வாரத்துக்கு ஒரு நாள் என்பது மூன்று நாள் ஆனது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸ் ஒன்று இரண்டானது. மிச்சமான நேரத்தைப் புது வேலை வந்து தின்றுவிட்டது.

பெட்டியும் அவள் கைக்கு வரவில்லை. ரிமோட் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும். ஆண் இல்லாத நேரத்தில் அது அவள் கையில். அவன் வந்ததும் பேச்சு வார்த்தை இல்லாமல் கை மாறும். உட்காரும் இடமும் அப்படித்தான். கட்டிலும் பிளாஸ்டிக் நாற்காலியும் திரைக்கு நேராக இருக்கும். பெண்கள் நிலைப்படியில் சாய்ந்தோ, அடுப்படிக்கும் நடுவீட்டுக்கும் இடையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தோ பார்ப்பார்கள். எழுந்திருக்க வசதியான இடம் அது. அங்கிருந்து திரை கோணலாகத் தெரியும்.

இந்தக் கோணல் கால்பந்துக்கு முக்கியமானது. சீரியல் முகங்களால் ஆனது. 14 அங்குலப் பெட்டியில், நிலைப்படியிலிருந்து பார்த்தாலும், அழுகிற முகம் அழுகிற முகமாகவே தெரியும். கால்பந்தை மைதானம் முழுக்கத் தெரியும்படி தூரத்திலிருந்து காட்டுவார்கள். அந்தச் சின்னப் பெட்டியில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் விரல்கடை உயரம், பந்து ஒரு புள்ளி. இன்று பல வீடுகளில் குண்டுப் பெட்டி போய்த் தட்டைத் திரை வந்துவிட்டது. நிலைப்படி மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

சத்தத்திலும் வித்தியாசம் உண்டு. அருப்புக்கோட்டைத் தறி வீடுகளில் தார் சுற்றிக்கொண்டே தொலைக்காட்சி பார்ப்பார்கள் என்று சொல்வோம். உண்மையில் பாதி நேரம் கேட்கிறார்கள். கண் நூலில் இருக்கும், காது கதையில் இருக்கும். சீரியல் இதைத் தெரிந்துகொண்டு எழுதப்படுகிறது. அதில் நடப்பதையெல்லாம் யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். முந்தின நாள் கதையை மறுநாள் திரும்பச் சொல்வார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் வரும், அதற்குள் குழம்பை இறக்கிவிடலாம். கிரிக்கெட்டிலும் ஓவருக்கு ஓவர் மூச்சு விட இடம் உண்டு. கால்பந்து அப்படி இல்லை. விசில் ஊதினால் 45 நிமிடம், விளம்பரம் இல்லை. பாலை எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் ஒரே ஒரு கோல் விழுந்துவிடும்; அன்றைய ஆட்டத்தில் வேறு கோலே இல்லாமல் போகலாம். இடைவிடாத கவனத்தைக் கூலியாகக் கேட்கும் ஆட்டம் அது. அதனால் பெண்களுக்குக் கால்பந்து பிடிக்குமா என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணிடம் உடையாத 45 நிமிடம் இருக்கிறது?

நாடு முழுவதற்குமான கணக்கு ஒன்று உண்டு. 2019இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் 299 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறாள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண் கொடுப்பது 97 நிமிடம். அப்படி ஈடுபடும் பெண்கள் 81 சதவீதம், ஆண்கள் 26 சதவீதம்தான். 299 நிமிடம் என்பது மூன்று முழு ஆட்டங்களுக்கு மேல். பிள்ளையையும் முதியவரையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது. கூலி வேலையும் சேராது. ரசனை என்பது பிறவியில் வருவதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த எண்களை வைத்துப் பார்த்தால், எந்த நிகழ்ச்சி உடைந்த நேரத்துக்குள் பொருந்துகிறதோ அதை ரசிக்கப் பழகுகிறோம் என்றே படுகிறது. சீரியல் பார்ப்பதைக் கேலி செய்வதற்கு இங்கே இடமில்லை. கிடைத்த துண்டு நேரத்தில் அவளுக்குக் கிடைத்தது அதுதான்.

கால்பந்தில் ஓர் இடைவேளை உண்டு, 15 நிமிடம். ஆட்டக்காரர்கள் ஓய்வெடுக்கிறார்கள், கட்டிலில் இருப்பவர் கால் நீட்டிக்கொள்கிறார், வீட்டில் ஒரே ஓர் ஆளுக்கு அப்போதுதான் ஆட்டம் ஆரம்பிக்கிறது. டீ, ஆம்லேட், தண்ணீர்ச் செம்பு. இரண்டாம் பாதி தொடங்கும்போது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். முதல் பாதியைக் கோணலாகப் பார்த்தவளுக்கு இரண்டாம் பாதி சத்தமாக மட்டும் கிடைக்கிறது.

2022 கத்தார் உலகக் கோப்பையை இந்த வீட்டின் கடிகாரத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் சுற்றில் பெரும்பாலான ஆட்டங்கள் நம் நேரத்துக்கு மதியம் 3.30, மாலை 6.30, இரவு 9.30, நள்ளிரவு 12.30 என்று நான்கு வேளையில் வந்தன. 3.30க்கு அவள் களைவெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருப்பாள். கார்த்திகை மாதம், மானாவாரிக் காட்டில் களை மும்முரமான காலம். மில்லுக்குப் போகிறவள் என்றால் அந்த நேரம் ஷிப்டு மாறும் நேரம். 6.30க்கு உலை. 9.30க்குச் சோறு போட்டு, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி, அடுப்படி மெழுகும் நேரம். 12.30க்கு உடம்பு ஒத்துழைக்காது. நான்கு வேளையிலும் ஆணுக்கு ஏதாவது ஒன்று வாய்க்கும். நான்கில் ஒன்றுகூட அவளுக்கு வாய்க்காது. இறுதி ஆட்டம் டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.30. அர்ஜென்டினாவும் பிரான்சும் 3–3 என்று நின்று, கூடுதல் நேரம் போய், பெனால்டியில் முடிய இரவு 11.30 ஆனது. மார்கழி பிறந்து மூன்றாம் நாள். விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடவேண்டியவளிடம், நூற்றாண்டின் சிறந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தாயா என்று கேட்பது எப்படி?

திரை பெட்டியை விட்டுக் கைக்கு வந்துவிட்டதே, செல்போனில் பார்த்துக்கொள்ளலாமே என்று மாணவிகள் கேட்கக்கூடும். கத்தார் ஆட்டங்களை ஜியோசினிமா செயலி இலவசமாகக் கொடுத்தது. தமிழ் வர்ணனையும் இருந்தது. தமிழ் வர்ணனையை ஒரு சலுகை என்று கடந்துபோகக் கூடாது. அடுப்படியில் நிற்பவளுக்குக் கால்பந்து எட்டவேண்டும் என்றால் அது காது வழியாகத்தான் எட்டும். அவள் மொழியில் யாராவது சொன்னால் எட்டும். ஆனால் அந்தத் தமிழ் செயலிக்குள் இருந்தது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருக்கும் பெண்கள் பாதிக்கும் குறைவு. ஆண்கள் 70 சதவீத அளவில். வீட்டில் இருக்கும் நல்ல போன் பெரும்பாலும் வெளியே போகிறவரோடு போய்விடும், அல்லது படிக்கும் பையனிடம் இருக்கும். படிக்கும் பெண் போனோடு ராத்திரி 12.30க்கு உட்கார்ந்திருந்தால் அது கால்பந்து என்று எந்த வீடும் நம்பாது. பையன் சிரித்தால் ஆட்டம் பார்க்கிறான். பெண் சிரித்தால் யாரோடு பேசுகிறாள்?

மூன்றாவது வழி தெருவில் கட்டும் திரை, டீக்கடைப் பெட்டி, நற்பணி மன்றத்துக் கூடம். அங்கே பெண் வரக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஈரானில் நடைமுறையாகவே தடை இருந்தது. 1979 புரட்சிக்குப் பின் பல பத்தாண்டுகள் ஆண்கள் ஆட்டத்துக்குப் பெண்களை மைதானத்துக்குள் விடவில்லை. 2018 உலகக் கோப்பையின்போது தெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் பெரிய திரையில் ஸ்பெயின்–ஈரான் ஆட்டத்தைப் பார்க்கப் பெண்கள் அனுமதிக்கப்பட்டதே உலகச் செய்தி. மைதானத்துக்குள் நுழைய முயன்றதற்காகச் சிறை வரும் என்று அஞ்சித் தீக்குளித்த சஹர் கொதாயாரி 2019 செப்டம்பரில் இறந்தார். அடுத்த மாதம்தான் ஓர் ஆட்டத்துக்குப் பெண்கள் டிக்கெட் வாங்க முடிந்தது. வெளிப்படையான தடையை எதிர்த்துப் போராட முகவரி உண்டு. நம் டீக்கடை வாசலுக்கு அப்படியொரு முகவரி இல்லை. ஒன்பது மணிக்கு மேல் அங்கே ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

தெருவில் முடிந்த ஆட்டம் வீட்டுக்குள்ளும் வரும். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது லங்காஷயர் காவல்துறையில் பதிவான குடும்ப வன்முறைப் புகார்களை எடுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாட்களில் புகார்கள் 38 சதவீதம் கூடின; வென்ற, சமன் செய்த நாட்களிலும் 26 சதவீதம் கூடின. அந்த ஊர்க் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இங்கே நம் அணி விளையாடுவதுகூட இல்லை. ஆனால் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒருவர் குடித்துவிட்டு வரும் வீட்டில், ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்பது ரசிகைக்கு மட்டுமல்ல, ஆட்டமே பார்க்காத பெண்ணுக்கும் முக்கியமான கேள்வி. ‘வீட்டிலிருந்தே ரசிக்கலாம்’ என்ற கட்டுரைகள் வீடு பாதுகாப்பான இடம் என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன.

இதுவரை சொன்னது ஆண்கள் ஆட்டம். 2023இல் கடிகாரம் தலைகீழானது. பெண்கள் உலகக் கோப்பை ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 20 வரை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தது. அவர்கள் நமக்கு முந்தி விடிகிறவர்கள் என்பதால் ஆட்டங்கள் நமக்கு விடியலுக்கும் மாலைக்கும் நடுவில் வந்தன. பேன்கோடு செயலியைத் தவிர, தூர்தர்ஷனின் டிடி ஸ்போர்ட்ஸிலும் வந்தன. இணையம் வேண்டாம், ராத்திரி விழிக்க வேண்டாம். ஸ்பெயினும் ஸ்வீடனும் மோதிய அரையிறுதி ஆகஸ்ட் 15, சுதந்திர தின விடுமுறை, மதியம் 1.30. இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 20, ஞாயிறு, மதியம் 3.30. உலை வைக்கும் நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும் ஆட்டங்கள். ஆடியும் ஆவணியும் இந்தப் பக்கம் காட்டில் வேலை குறைந்த காலம். கருவேலம் வெட்டும் கரிமூட்டமும் நூறு நாள் வேலையும் இருந்தாலும் விடுமுறை நாளும் ஞாயிறும் மீதி உண்டு. தேசிய சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாட்டுப் பெண்கள் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இவ்வளவும் கூடி வந்த ஓர் உலகக் கோப்பை மறுபடி எப்போது வரும்?

இது இப்படி வருகிறது என்று இந்த வீடுகளுக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் முன்பு மெஸ்ஸி படம் போட்ட பிளெக்ஸ் கட்டிய தெருக்களில் ஒரு தட்டிகூட இல்லை. ஐரோப்பாவிலும் நிலைமை வேறுவிதமாக அதேதான். பகல் நேர ஆட்டத்துக்கு இவ்வளவுதான் தரமுடியும் என்று பெரிய நாடுகளின் ஒளிபரப்பு நிறுவனங்கள் குறைந்த விலை கேட்டன. அப்படியானால் அங்கே ஒளிபரப்பே கிடையாது என்று ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ மே மாதத்தில் மிரட்டவேண்டியிருந்தது. அதே ஃபிஃபா ஆண்கள் போட்டிக்கு 2022இல் ஒதுக்கிய பரிசுத் தொகை 44 கோடி டாலர். பெண்களுக்கு 11 கோடி. பகலில் வீட்டில் இருப்பவர்களின் கண்ணுக்கு விலை குறைவு என்பதுதான் இந்தப் பேரம் சொன்ன செய்தி. பகலில் வீட்டில் இருப்பவர் யார் என்பதை விளக்கத் தேவையில்லை.

இறுதி ஆட்டத்தை சிட்னியில் 75,784 பேர் நேரில் பார்த்தார்கள். 29ஆம் நிமிடத்தில் ஓல்கா கார்மோனா அடித்த ஒரே கோலில் ஸ்பெயின் இங்கிலாந்தை வென்றது. இடப்பக்கம் ஓடிவந்து தாழ்வாக, குறுக்காக அடித்த கோல். அதைப் பார்க்காத வீடுகளுக்கும் வேறொரு காட்சி வந்து சேர்ந்தது. பரிசளிப்பில் ஸ்பெயின் கால்பந்து சங்கத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், ஆட்டக்காரி ஜெனி எர்மோசோவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, அவர் சம்மதமில்லாமல் உதட்டில் முத்தமிட்டார். 2025 பிப்ரவரியில் ஸ்பெயின் நீதிமன்றம் அதைப் பாலியல் தாக்குதல் என்று தீர்ப்பளித்து அபராதம் விதித்தது. அந்தச் சில நொடிகள் வாட்ஸப்பில் ஊர் ஊராகப் போயின. 90 நிமிட ஆட்டத்துக்கு வழி இல்லாத போன்களில் அந்தக் காட்சிக்கு வழி இருந்தது. ஆடும் பெண்ணைக் காட்டுவதற்கு நேரமில்லாத ஊடகம், அவமதிக்கப்படும் பெண்ணைக் காட்டுவதற்கு எப்போதும் நேரம் வைத்திருக்கிறது.

ஒரு பெண் ஆடுவதை அவள் வீட்டார் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அரசு பெட்டி கொண்டுவந்த கதையும் இந்தியாவில் உண்டு. 2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இங்கே நடந்தது. இந்திய அணியின் கேப்டன் அஸ்தம் ஓராவ், ஜார்கண்டின் கும்லா மாவட்டத்து ஆதிவாசிப் பெண். மகள் ஆடுவதைப் பார்க்க வீட்டில் தொலைக்காட்சி இல்லை. மாவட்ட நிர்வாகம் தொலைக்காட்சியும் இன்வெர்ட்டரும் கொண்டுவந்து வைத்தது. மகளின் பெயரால் ஊருக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலை வேலையில் தாயும் தகப்பனும் கூலிக்குக் கல் சுமந்தார்கள். முதல் ஆட்டத்தில் இந்தியா அமெரிக்காவிடம் 8–0 என்று தோற்றது. பெட்டி வந்தது, சாலை வந்தது. அந்தத் தாயின் பகல் மட்டும் பழையபடி கூலியில் கரைந்தது. 2006இல் நம் வீடுகளுக்கு வந்த பெட்டியின் கதையும் இதுவே. பொருளைக் கொடுப்பது அரசுக்கு எளிது. பொழுதை அரசால் ரேஷன் கடையில் கொடுக்க முடியாது. வீட்டில் இருக்கும் இன்னொருவர் தன் பங்கு வேலையை எடுத்துக்கொண்டால்தான் அது கிடைக்கும்.

அதனால் வீட்டில் பார்ப்பதற்கான வழிகளை நாமே எழுதிக்கொள்ளவேண்டும். எல்லா ஆட்டமும் வேண்டாம், ஒன்று போதும். எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே சொல்லி, அன்று அந்த இரண்டு மணி நேரம் அடுப்படி யார் பொறுப்பு என்பதையும் சொல்லிவிடுங்கள். நிலைப்படியை விட்டு எழுந்து திரைக்கு நேராக உட்காருங்கள். ஆஃப்சைடு புரியாது என்று யாராவது சொன்னால் மடக்கிக் கேளுங்கள். இரண்டு வரி விஷயம் அது. தோழி பந்தைத் தட்டிவிடும் அந்த நொடியில், எதிரணியின் பாதிக்குள், பந்தையும் தாண்டி, கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டி கோலுக்குப் பக்கத்தில் நின்று பந்தை வாங்கக் கூடாது. அவ்வளவுதான். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஆண்கள் இத்தனை காலம் மர்மம் காட்டியிருக்கிறார்கள்.

தனியாகப் பார்ப்பதைவிடச் சேர்ந்து பார்ப்பது எளிது. பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒருத்தியை மட்டும் தண்ணீர் கேட்டு எழுப்ப முடியாது. ஆனால் யார் வீட்டில் சேர்வது? நம் ஊர்களில் இந்தக் கேள்விக்குச் சாதி பதில் சொல்லும். மேலத்தெரு வீட்டு நடுக்கூடத்தில் காலனிப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் நாள் இன்னும் வரவில்லை. அது வரும்வரை காத்திருக்கவும் முடியாது. மகளிர் குழுக் கட்டடம், ஊர் நூலகம், பள்ளிக்கூடம், கல்லூரி விடுதிக் கூடம் என்று எல்லோரும் சமமாக உட்காரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். குழுவில் கடன் தவணை பேசும் நாளை நாமே குறித்துக்கொள்கிறோம். வருஷத்துக்கு ஒரு நாளை ஆட்டத்துக்கும் குறிக்கலாம்.

மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்லலாம். அடுத்த ஆட்டம் வீட்டில் ஓடும்போது ஒரு தாளை எடுத்து, கோல் அடித்த நிமிடங்களை ஒரு பக்கமும், அம்மாவோ மதினியோ எழுந்துபோன நிமிடங்களை இன்னொரு பக்கமும் குறித்து வையுங்கள். எதற்காக எழுந்தார், யார் கூப்பிட்டார் என்றும் எழுதுங்கள். எந்த விமர்சனக் கட்டுரையும் சொல்லாததை அந்தத் தாள் சொல்லும். எழுதி முடித்ததும் அடுத்த ஆட்டத்துக்கு யார் எழுந்திருப்பது என்று வீட்டில் பேச ஒரு ஆதாரமும் கையில் இருக்கும்.

2026 ஆண்கள் போட்டி அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்பதால் நமக்குப் பெரும்பாலும் நள்ளிரவும் விடியலும். அடுத்த பெண்கள் உலகக் கோப்பை 2027 ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை பிரேசிலில். அங்கே மாலை 4 மணி என்றால் நமக்கு இரவு 12.30. 2023 போல் பகல் வெளிச்சத்தில் அது கிடைக்காது. ராத்திரியில் பெண்கள் கூடி விளக்குப் போட்டு உட்காரவேண்டியிருக்கும், மறுநாள் காலை வேலையை வேறு யாராவது பார்க்கவேண்டியிருக்கும். அதற்கு இடம், சாவி, துணை, வீட்டார் சம்மதம் எல்லாம் தேவை. ஆட்டத்துக்கு முதல் நாள் கேட்டால் கிடைக்காது. இப்போதே கேட்டு வையுங்கள். இடைவேளை விசில் அடித்ததும் அடுப்பைப் பற்றவைப்பது யார் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.